மெசினுக்கே திரும்பிப் போகட்டுமா?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்கு 29 வயது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் மெசின் ஓட்டினேன். எந்த மெசினில் இருத்தினாலும் தைப்பேன் என்பதால் ஜம்பராக வைத்திருந்தார்கள். தை மாதம் தொடக்கம் சுப்பவைசர் ஆக்கிவிட்டார்கள். 22 மெசின் லைன். பயிற்சி என்று அரை நாள் ஒரு கூட்டம் வைத்தார்கள், அவ்வளவுதான். நேற்றுவரை என்னோடு பகிர்ந்து சாப்பிட்ட பிள்ளைகள் இப்போது நான் கிட்டப் போனால் கதையை நிறுத்துகிறார்கள். கழுத்து ரிப் (கழுத்தில் வருகிற இழுபடும் பட்டி) அடிக்கிற அக்கா எனக்கு மச்சாள் முறை. புது ஸ்டைல் உடுப்பு வந்ததிலிருந்து மணிக்கு 95 தான் தருகிறா. நான் பக்கத்தில் போனால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, துணியைத் தூரப் பிடித்து, மூக்கால் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறா. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். டார்கெட் 120. வராவிட்டால் மனேஜர் மணிக்கணக்கு எழுதுகிற போர்ட்டுக்கு முன்னால் வைத்து எல்லோருக்கும் கேட்க ஏசுவார், அதுவும் சிங்களத்தில். அதனால் நானே கடைசி மெசினில் இருந்து தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போக இரவாகிறது. எட்டாம் வகுப்பில் முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம் என்று படிப்புக் குழம்பியதால் ஓ.எல்.லில் கணிதம் சித்தியில்லை. எனக்கு ஏற்ற கோர்ஸ் ஏதாவது இருக்கா? இல்லை, மெசினுக்கே திரும்பிப் போகட்டுமா?"

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மெசினுக்குத் திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல ஜம்பர் ஒருவர் இருந்தால் லைன் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போதே போகாதீர்கள். இந்த வேலை உங்களுக்குச் சரிவருமா, வராதா என்று இன்னும் பார்க்கவே இல்லை. இதை உங்களுக்கு யாரும் பழக்கவில்லையே.

மெசினில் இருந்த முதல் கிழமையை நினைத்துப் பாருங்கள். ஊசியில் நூல் கோக்காமல், கடதாசியில் போட்ட கோட்டின் மேல் ஓட்டச் சொல்லியிருப்பார்கள். முதலில் நேர்கோடு, பிறகு நெளிகோடு, அப்புறம் வட்டம். கால் பழகும்வரை துணியே கையில் தந்திருக்க மாட்டார்கள். ஒரு நேர்த்தையலுக்கு அவ்வளவு பொறுமையாகப் பழக்கியவர்கள், 22 பேரையும் ஒரு நாளைக்கு ஆயிரம் அளவு உடுப்பையும் உங்களிடம் ஒப்படைக்கும்போது அரை நாள் கூட்டத்தோடு விட்டுவிட்டார்கள். உங்கள் தொழிற்சாலையில் மட்டுமில்லை, அரிசி ஆலை, கட்டட வேலை, சங்கக்கடை எங்கும் இதுதான் நடக்கிறது. கெட்டிக்கார வேலையாள் ஒருவரைப் பிடித்து மேற்பார்வைக்குப் போடுவார்கள். அன்றைக்கே ஒரு நல்ல வேலையாள் குறைகிறார், பழகாத மேற்பார்வையாளர் ஒருவர் கூடுகிறார். பிறகு, "உனக்கு ஆட்களை நடத்தத் தெரியவில்லை" என்று அவரையே ஏசுவார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும்.

நானும் அப்படி வந்தவள்தான். இருபது வருஷத்துக்கு முன்னால், நான் வேலை செய்த இடத்தில் சுப்பவைசர் ஆகி இரண்டாவது கிழமை. கடும் நீலத் துணி, அதே நிறத்தில் நூல். நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா பொக்கற் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டு முழுக்கத் தையல் விலகியிருந்தது. "உங்களுக்கென்ன, கண் தெரியாதோ?" என்று லைனுக்கே கேட்கக் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. சில மாதம் கழித்து வவுனியாச் சந்தையில் கண்டேன். கண்ணாடி போட்டிருந்தார். அவர்தான் என்னைக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். "அப்ப எனக்கு உண்மையாவே தெரியேல்லைப் பிள்ளை. சொன்னா வேலையால நிப்பாட்டிப் போடுவினமெண்டு பயம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்துவிட்டேன். அந்த அம்மாவைச் சொல்லாமல் ஒரு வகுப்பும் முடித்ததில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். தலையைப் பின்னுக்குச் சாய்க்கிறார், துணியைத் தூரப் பிடிக்கிறார், மூக்கால் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சாளின் வயதை எழுதவில்லை. நாற்பதைத் தாண்டியவரா? தாண்டியவர் என்றால் அது நக்கலாக இல்லாமல் வெள்ளெழுத்தாக இருக்கலாம். வயது போகப் போகக் கண்ணில் உள்ள வில்லை இறுகிக்கொண்டே வரும், நாற்பதை ஒட்டித்தான் அது தெரியத் தொடங்கும். கிட்ட இருக்கும் பொருள் மங்கும், தூரப் பிடித்தால் தெளியும். புது ஸ்டைல் வந்ததிலிருந்துதான் அவர் பிந்துகிறார் என்கிறீர்கள். புதுத் துணி கடும் நிறமா என்று பாருங்கள். எங்கே பொருத்தவேண்டும் என்று காட்டத் துணி ஓரத்தில் போடுகிற அடையாள வெட்டு வெள்ளையில் தெரிந்திருக்கும், கறுப்பில் தெரியாமல் போயிருக்கும்.

நான் இங்கே இருந்துகொண்டு அவருடைய கண்ணைப் பரிசோதிக்க முடியாது. அவருக்கு உங்கள் மேல் மனவருத்தமும் இருக்கலாம். தன்னைவிட இளைய, உறவுக்காரப் பிள்ளை மேலே வந்தால் யாருக்கும் கொஞ்சம் உறுத்தும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். ஆனால் லைனில் வைத்துக் கேட்காதீர்கள். கொம்பனி பஸ்ஸில் பக்கத்தில் இருங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். "மச்சாள், இந்தக் கறுத்தத் துணியில எனக்கே அந்த வெட்டுத் தெரியுதில்லை. உங்களுக்கு எப்பிடி?" என்று தொடங்கினால் காணும். மிச்சத்தை அவரே சொல்லுவார். கண்தான் பிரச்சினை என்றால் அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்கு அவர் போய்வர ஒரு நாள் லீவு எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை. கண்ணாடி வரும்வரை மெசினுக்கு ஒரு சின்ன லைட் பூட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இனிப் பழக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மேற்பார்வையாளர் எல்லாவற்றுக்கும் முதல் கற்கவேண்டிய கைவேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் பழகிய தொழிலாளர்கள் படைக்குப் போய்விட, தொழிற்சாலை வாசலையே மிதிக்காதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களைக் கெதியாகப் பழக்கவேண்டும். அதற்கு முதலில் மேற்பார்வையாளர்களைப் பழக்கவேண்டும் என்று கண்டுபிடித்து, 1940 முதல் 1945 வரை ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். ரி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) என்று சொல்லுவார்கள். வேலை பழக்குவது ஒன்று, வேலை செய்யும் முறையைத் திருத்துவது ஒன்று, ஆட்களோடு நடந்துகொள்வது ஒன்று என்று மூன்று பாடம். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலப்படி ஐந்து அமர்வு, மொத்தம் பத்து மணித்தியாலம். யுத்தத்துக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. ரொயோட்டாவில் வேலை பழக்கும் முறைக்கு அடி அங்கிருந்துதான் வந்தது.

அந்த முதல் பாடத்தில் ஒரு முடிச்சு வரும். மின்குமிழ் தொங்குகிற வயர் கழன்று விழாமல் இருக்க உள்ளே போடும் முடிச்சு. நானும் வகுப்பில் அதைத்தான் செய்கிறேன். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, வயரைத் தராமல் வாயால் மட்டும் சொல்லுவேன்: "இடது நுனியை முன்னால் வளைத்து, வலது நுனியைப் பின்னால் கொண்டு போய்..." பிறகு வயரைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை விழிக்கும். அடுத்து இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டு, எதிரே நின்று ஒரு சொல்லும் பேசாமல் செய்து காட்டுவேன். அவராலும் முடியாது. எதிரே நின்று காட்டினால் இடம் வலமாகிவிடும். மூன்றாவது ஆளைத்தான் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு படியாக, எதைக் கவனிக்க வேண்டும், ஏன் என்று சொல்லிக் காட்டுவேன். பிறகு அவரைச் செய்ய விடுவேன். முடிச்சு விழும். முதல் இரண்டு பேரும் மூளை குறைந்தவர்கள் இல்லை, நான்தான் அவர்களுக்குச் சரியாகப் பழக்கவில்லை. ஆள் பழகவில்லை என்றால் பழக்கியவர் பழக்கவில்லை என்று அந்தப் பயிற்சியில் சொல்லுவார்கள். கேட்கும்போது கொஞ்சம் சுடும். ஆனாலும் சரியான பேச்சு.

இதை உங்கள் கழுத்து ரிப்புக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் கை பழகியவர், யோசிக்காமல் செய்வீர்கள். அதுதான் பழக்கும்போது தடையாக நிற்கும், உங்கள் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. ஆகவே ஆறுதலாக இருந்து ஒரு உடுப்பைத் தைத்து, ஒவ்வொரு அசைவையும் எழுதுங்கள். ரிப்பை வளையமாக மூட்டியாயிற்று. அதை நாலாக மடித்து நாலு அடையாளம் வைக்கிறோம். கழுத்திலும் நாலு அடையாளம். மூட்டு வந்த இடத்தை எங்கே வைக்கச் சொல்லியிருக்கிறார்களோ அங்கே வைத்துத் தொடங்குகிறோம். ஓவர்லொக்கில் (ஓரம் அடிக்கிற மெசினில்) ஓடும்போது ரிப்பை மட்டும் இழுக்கவேண்டும், உடம்புத் துணியை இழுக்கக்கூடாது. ஏன்? உடம்புத் துணி இழுபட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும், தரம் பார்க்கிற கியூ.சி. திருப்பி அனுப்பும். இந்த "ஏன்" முக்கியம். ஆறு வருஷம் மெசினில் இருந்த உங்களுக்கே சில "ஏன்" தெரியாமல் இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தெரியாததை, வேலை முறையையும் நேரத்தையும் அளக்கிற வேர்க் ஸ்டடிக்காரரிடம் கேளுங்கள்.

எழுதி முடிந்ததும் மச்சாளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள். எதிரே வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம். ஒன்றைத் தைத்துக் காட்டுங்கள். பிறகு அவரைத் தைக்க விட்டு, தைத்துக்கொண்டே என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் பிழை இருக்கிறது. அடுத்த மணியில் ஒருமுறை வந்து பாருங்கள். பின்னேரம் ஒருமுறை. மறுநாள் ஒருமுறை. அப்புறம் விட்டுவிடுங்கள். தலைக்கு மேல் நின்றால் யாருக்கும் கை நடுங்கும்.

என் வகுப்புக்கு ஒருமுறை முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் குழுவில் வேலை செய்த பெண் ஒருவர் வந்திருந்தார். மேற்பார்வையாளர் சத்தம் போடாவிட்டால் வேலை நடக்குமா என்று வகுப்பில் பெரிய வாதம். அவர் எழும்பி, "எங்கட லீடர் ஒருநாளும் கெதியா எண்டு சொன்னதில்லை. அவசரப்பட்டா என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். பிழையா உளி பிடிச்சா வேலையை நிப்பாட்டி, வெளியில கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் காட்டுவார்" என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது. உடுப்புத் தைப்பதில் உயிர் போகாது. ஆனால் பிழையை நிறுத்தித் திரும்பக் காட்டுவது என்ற ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நீங்கள் கடைசி மெசினில் இருந்து தைப்பதைப் பற்றி. கோபிக்காதீர்கள், அது லைனுக்கு உதவவில்லை. கணிதத்துக்குப் பயப்படுகிறீர்கள், ஆகவே சேர்ந்தே கணக்குப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

உங்கள் உடுப்புக்கு எஸ்.எம்.வி., அதாவது ஓர் உடுப்பை முழுக்கத் தைக்க ஆகும் என்று கணக்கிட்ட நேரம், 6.6 நிமிடம் என்று வையுங்கள். உங்கள் உண்மையான எண்ணை வேர்க் ஸ்டடியில் கேட்டு வாங்குங்கள். 22 பேர் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் 22 ஐ 60 ஆல் பெருக்க 1,320 நிமிடம். அதை 6.6 ஆல் வகுத்தால் 200. அதாவது எல்லோரும் நூறு வீதம் செய்தால் மணிக்கு 200 உடுப்பு. டார்கெட் 120 என்பது 60 வீதம். அப்படிப் பார்த்தால் அது அநியாயமான டார்கெட் இல்லை. சரி, அப்போ ஏன் வரவில்லை? கழுத்து ரிப்பின் நேரம் அரை நிமிடம் என்று எடுப்போம். ஒருவர் நூறு வீதம் செய்தால்தான் மணிக்கு 120. லைனில் மற்ற எல்லோரிடமும் 60 வீதம் கேட்கிறோம், மச்சாள் ஒருவரிடம் மட்டும் நூறு கேட்கிறோம்! அவர் 95 தருகிறார். அப்படியென்றால் அவர் உண்மையில் உங்கள் லைனில் நன்றாக வேலை செய்கிற ஒருவர். ரிப் 95 வந்தால் அதற்குப் பின்னால் இருக்கிற எந்த மெசினும் 95க்கு மேல் தர முடியாது. கடைசி மெசினில் நீங்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் வருவது அவ்வளவுதான்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு லைனின் தொடக்கத்திலிருந்து நடந்து போங்கள். கட்டுகள் எந்த மெசினுக்கு முன்னால் குவிந்திருக்கின்றன, எந்த மெசினில் ஆள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். குவிந்திருக்கிற இடத்தில்தான் லைன் அடைத்திருக்கிறது. அங்கே போன் ஸ்டொப்வொட்சில் பத்து உடுப்பு நேரம் எடுங்கள். எடுக்கமுதல், எதற்காக எடுக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் எடுத்தால் களவாகப் படம் எடுத்தது போல ஆகிவிடும். மணிக்கு 95 என்றால் ஓர் உடுப்புக்குக் கிட்டத்தட்ட 38 விநாடி. 120க்கு 30 விநாடி. இடையில் 8 விநாடி. அது எங்கே போகிறது? என் ஊகம், அடையாள வெட்டைத் தேடித் துணியைத் தூக்கிப் பார்ப்பதில். அப்படியானால் முந்தின மெசினில் இருப்பவரை அந்த இடத்தில் ஒரு சோக்குப் புள்ளி வைக்கச் சொன்னாலே சில விநாடி மிஞ்சும். அப்படியும் காணாவிட்டால் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் இன்னொரு பிள்ளையை ரிப்பில் இருத்துங்கள். அதற்காக இப்போதிருந்தே இரண்டு பேரை அந்த வேலையில் பழக்குங்கள். நீங்களே ஜம்பராக இருந்தவர், உங்களுக்கு அடுத்த ஜம்பர் யார் என்று தேடவேண்டாமா?

சாப்பாட்டு நேரத்துக் கவலைக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. கொஞ்சக் காலம் வலிக்கும். மேற்பார்வையாளர் வந்தால் பேச்சு நிற்பது உலகம் முழுக்க உள்ளது. அவர்களுக்கும் உங்களைப் பற்றி ஒரு முறை பேசித்தீர்க்க இடம் வேண்டும். ஆனால் ஒதுங்கிப் போகாதீர்கள். பழையபடி அதே வாங்கில் இருந்து சாப்பிடுங்கள், கொஞ்சம் முன்னதாக எழும்பி விடுங்கள். கவனமாக இருக்கவேண்டியது வேறொன்றில்: லீவு, ஓ.ரி. (மேலதிக நேர வேலை), லேசான மெசின் எல்லாம் சினேகிதப் பிள்ளைக்கும் மற்றவருக்கும் ஒரே அளவில் போகவேண்டும். லைனில் இருப்பவர்கள் உங்கள் பேச்சை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள்.

வன்னியில் சொந்தம் இல்லாத லைன் கிடைக்காது. ஒரே ஊர், ஒரே கோயில், மெனிக் பாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். இதைப் பலவீனம் என்று வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். யாருக்கு எது முடியும், யாருக்கு முடியாது என்று வெளியாருக்கு ஒரு வருஷத்தில் தெரியாதது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இடுப்பில் செல் துண்டோடு இருக்கிற பிள்ளையை நாள் முழுக்க நிற்கவேண்டிய அயன் மேசையில் போடக்கூடாது. தனியே பிள்ளைகளை வளர்க்கிற தாய்க்கு ஓ.ரி. என்றால் காலையிலேயே சொல்லவேண்டும், பின்னேரம் நாலு மணிக்கு அல்ல. நுண்கடன் தவணை கட்டுகிற நாளில் யாருடைய முகம் இருண்டிருக்கும் என்றும் உங்களுக்குத் தெரியும். இவற்றைக் கொப்பியில் எழுதாதீர்கள், மனதில் வைத்திருங்கள். லீவுக் கணக்கை மட்டும் கட்டாயம் எழுதுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அரைவாசி லைன் லீவு கேட்கும். மே 18 நினைவு நாளுக்குக் கேட்பவர்களும் இருப்பார்கள், கேட்கும் முன்பே உங்களுக்கு ஆட்களைத் தெரியும். சித்திரை மாதமே பட்டியல் போட்டு மனேஜரிடம் கொடுத்துவிட்டால், அன்றைக்குக் குறையும் உடுப்பைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடலாம்.

மனேஜரைப் பற்றி. எல்லோருக்கும் முன்னால் ஏசுவது பிழை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் போர்ட்டுக்கு முன்னால் நின்று பதில் சொல்லவேண்டாம். வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒரே ஒரு கடதாசி கொண்டு போங்கள்: இன்றைய மணிவாரி எண், எந்த மெசினில் அடைக்கிறது, அங்கே எடுத்த பத்து நேரம், நீங்கள் கேட்பது என்ன. ஒரு லைட், ஒரு ஹெல்பர், இரண்டு நாள் அவகாசம் என்று இருக்கட்டும். எண்ணைக் காட்டிக் கதைக்கும்போது அதிகம் சிங்களம் தேவைப்படாது. தேவைப்படுகிற இடத்துக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒரு எச்.ஆர். பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். லைனுக்கு முன்னால் ஏசவேண்டாம் என்ற வேண்டுகோளையும் அங்கேயே, அந்த ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். அவர் உடனே மாறமாட்டார். ஆனால் அவர் உங்களை ஏசினதை நீங்கள் கீழே இறக்கிவிடாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சட்டத்தில் சிலது தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் லைனில் எல்லோரும் முதலில் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் கழிப்பார்கள், தொழில்தருநர் 12 வீதம் போடவேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம் தொழில்தருநரே போடவேண்டும், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பிரசவ லீவு 84 நாள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உரிமையாக உண்டு. டார்கெட் வரவில்லை என்று அதை நீங்கள் மறுக்க முடியாது, மறுக்கும்படி யாரும் உங்களுக்குச் சொல்லவும் முடியாது. ஊசி விரலில் ஏறினால், சின்னக் காயம் என்றாலும் பதிய வையுங்கள்.

கடைசியாக கோர்ஸ். ஓ.எல். கணிதம் இல்லை என்று கதவு மூடப்படவில்லை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்றகைமையில் ஏழு மட்டம் இருக்கிறது. நாலாம் மட்டம்வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். உங்களைப் போல வேலை செய்து கற்றவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி உண்டு. வகுப்பில் இருந்து படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்று மதிப்பீட்டாளர் பார்த்துத் தகைமை தருவார். சேவைக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சுப்பவைசராக நியமித்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு மாவட்டத்தில் உள்ள நைற்றா (அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் தையல் வேலைக்கு எந்த மட்டம் எடுக்கலாம், அதிலிருந்து மேலே எப்படிப் போகலாம் என்று அங்கே சொல்லுவார்கள். போகிற வழியில் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் ரெக் என்கிற தொழிற்பயிற்சி நிலையத்திலும் விசாரித்துப் பாருங்கள். அங்கு பாடம் பெரும்பாலும் தொழில்நுட்பப் பக்கம்தான், ஆனாலும் எந்தெந்தக் கோர்ஸ் எப்போது தொடங்கும் என்று தெரிந்திருப்பது நல்லது.

தனியார் நிலையத்தில் "தலைமைத்துவ டிப்ளோமா" என்று காசு கேட்டால், அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்று முதலில் கேளுங்கள். பதிவு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வகுப்பில் ஒருவருக்கு ஒரு வேலையைப் பழக்கிக் காட்டச் சொல்லுவீர்களா, என் லைனில் நான் செய்ததைப் பார்த்துத் திருத்துவீர்களா? இல்லை என்றால் அந்தக் காசைச் சேமித்து வையுங்கள். மண்டபத்தில் இருந்து கேட்கிற பயிற்சியால் ஒருவரும் சுப்பவைசர் ஆனதை நான் காணவில்லை.

காசு இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் தொழிற்சாலையிலேயே நல்ல லைன் ஒன்று இருக்கும். அதை நடத்துகிறவரோடு ஒரு கிழமை, நாளுக்கு அரை மணித்தியாலம் நடக்க விடச் சொல்லி எச்.ஆரில் எழுத்தில் கேளுங்கள். வேர்க் ஸ்டடியில் மூன்று நாள் இருக்கக் கேளுங்கள். உங்களைப் பதவியில் ஏற்றியவர்கள் இதைத் தந்தே ஆகவேண்டும்.

மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் மெசினில்தான் என்றால் போங்கள், நானே சரி என்று சொல்லுவேன். அதற்கிடையில் இந்த ஞாயிறு மச்சாள் வீட்டுக்குப் போவீர்கள்தானே? கண் விஷயம் என்ன ஆனது, அந்த 38 விநாடி எத்தனைக்கு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா